சென்னை மொட்டை மாடியில் சோலார்: எந்த வீட்டுக்கு எது சரி?

சோலார் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் சென்னைவாசிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மூன்று கிலோவாட்டா, ஐந்தா? பேட்டரி வேண்டுமா? அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம், எங்களுக்கு ஏதாவது வழி உண்டா? மானியம் கிடைக்கும்போதே போட்டுவிடுவதா, விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதா?

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈபி பில்லை எடுத்து வையுங்கள். ஒன்று போதாது, கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்களும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்ற அந்த எண்தான், போட்ட பணம் மூன்று வருடத்தில் திரும்புமா எட்டு வருடம் இழுக்குமா என்பதைச் சொல்லும். வெண்டர் வந்து மாடியை அளப்பதெல்லாம் அப்புறம்.

## வெயில் இருந்தும் மாடிகள் ஏன் காலி?

சூரிய மின்சாரத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. நாட்டின் மொத்த சோலார் நிறுவுதிறன் 2025 தொடக்கத்தில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நம்முடையது. ராஜஸ்தானும் குஜராத்தும் நமக்கு முன்னால் இருக்கின்றன, மகாராஷ்டிரா தோளோடு தோள் நிற்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது.

ஆனால் இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி தென்மாவட்டத்து நிலங்களில் நடந்திருக்கிறது, நகரத்து மாடிகளில் இல்லை. 2019-ல் வந்த மாநில சூரிய ஆற்றல் கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. அதில் 40 சதவீதம் நுகர்வோர் தரப்பிலிருந்து, அதாவது வீடு, கடை, தொழிற்கூடம் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னது. மொத்த இலக்கைத் தாமதமாகவேனும் தொட்டுவிட்டோம். மாடிகளின் பங்கு அந்த 40 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வீட்டு மாடி என்று வரும்போது குஜராத்தான் தொடர்ந்து முதலிடத்தில் இருக்கிறது.

மக்களுக்கு ஆர்வமில்லை என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. 2016-லிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கடுத்த நூறு யூனிட் இரண்டு ரூபாய் சொச்சம். 250 யூனிட் ஓடும் குடும்பத்துக்கு பில்லே ஐந்நூறைத் தாண்டாது. அந்தக் குடும்பத்திடம் போய் லட்ச ரூபாய் போடு என்றால் எதற்கு என்றுதானே கேட்பார்கள்? அந்தக் கேள்வி சரியானது. இலவச யூனிட் ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையான நிம்மதி, அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அதே விலைப்பட்டியலின் மேல்தட்டில் ஒரு யூனிட் பதினொரு ரூபாயைத் தாண்டுகிறது. சோலார் கணக்கு அந்த மேல்தட்டில்தான் இருக்கிறது.

## முதலில் எதை எதைப் பார்க்க வேண்டும்

ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிகள். வீட்டு பில்லில் இப்போது வரும் விலை ஏறக்குறைய இப்படி இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அப்புறம் 11.55. சோலார் எப்போதும் பில்லின் உச்சியிலிருந்துதான் யூனிட்டைக் கழிக்கும். அதனால் முதலில் மிச்சமாவது விலை கூடிய யூனிட்.

மாடி உங்களுடையதா, நிழல் விழுகிறதா. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை, தெற்கே எழும்பும் ஐந்து மாடிக் கட்டடம் எல்லாமே கணக்கில் வரும். தி.நகர், மயிலாப்பூர் போன்ற இடங்களில் இன்று வெயில் அடிக்கும் மாடியில் மூன்று வருடம் கழித்தும் அடிக்கும் என்று நிச்சயம் கிடையாது. பக்கத்து மனை பழைய வீடாக இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டில் உங்களுக்கு என்ன ஓட வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான், கீழே விவரமாகச் சொல்கிறேன்.

எத்தனை வருடம் அந்த வீட்டில் இருப்பீர்கள். நாலைந்து வருடத்தில் இடித்துக் கட்டப்போகிற வீடு என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

யார் கழுவுவார்கள். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பேனல் 25 வருடம் மாடியில் இருக்கப் போகிறது.

## வழி 1: ஆன்கிரிட், பேட்டரி இல்லாமல்

ஆன்கிரிட் என்றால் ஈபி லைனோடு இணைந்து ஓடும் சோலார். பகலில் பேனல் தயாரிக்கும் மின்சாரத்தை வீடு எடுத்துக்கொள்ளும், மிஞ்சியது ஈபி லைனுக்குப் போகும். இரவில் லைனிலிருந்து வாங்கிக்கொள்வோம். போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் பதிவு செய்யும், நிகர யூனிட்டுக்குத்தான் பில். ஏசி இரவில்தான் ஓடுகிறது, சோலாரால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதுதான். நெட் மீட்டர் எனப்படும் இந்த முறை இருக்கும்வரை பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும்.

2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் மொத்தம் 78,000, அதோடு நின்றுவிடும். மானியம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் செல் உட்பட இந்தியாவிலேயே தயாரான பேனலாக இருக்க வேண்டும், அதன் விலை கொஞ்சம் கூடுதல். 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-ல் மத்திய விதி மாறியதால் விண்ணப்பம் முன்னைவிட வேகமாக நகர்கிறது. சோலார் சாதனங்களின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதும் நல்ல செய்தி. பழைய கொட்டேஷனைக் கையில் வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் ஒரு வீடு. இரண்டு ஏசி, ஒரு கீசர், நாலு பேர் என்றால் கோடையில் இது சாதாரணம். சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும், ஆக இரண்டு மாதத்துக்கு 240. மானியம் போகக் கையிலிருந்து போகும் தொகையைத் தோராயமாகப் போட்டிருக்கிறேன்.

| அளவு | மானியம் போகச் செலவு | நிகர யூனிட் | இரண்டு மாத பில் | வருடச் சேமிப்பு |
|---|---|---|---|---|
| சோலார் இல்லை | – | 800 | ரூ. 4,770 | – |
| 1 கிலோவாட் | ரூ. 45,000 | 560 | ரூ. 2,545 | ரூ. 13,350 |
| 2 கிலோவாட் | ரூ. 80,000 | 320 | ரூ. 800 | ரூ. 23,800 |
| 3 கிலோவாட் | ரூ. 1,22,000 | 80 | 0 | ரூ. 28,600 |

மூன்றாவது வரியையும் நாலாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு கிலோவாட் வரை போட்ட பணம் மூன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது. மூன்றாவது கிலோவாட்டுக்காகக் கூடுதலாகப் போடும் 42,000 ரூபாய் வருடத்துக்கு 4,800 ரூபாய்தான் மிச்சப்படுத்துகிறது, அது திரும்ப ஒன்பது வருடம் ஆகும். பில் பூஜ்யமாக வேண்டும் என்ற ஆசையில்தான் பலர் தேவைக்கு மேல் போடுகிறார்கள். அந்தக் கடைசி எண்ணூறு ரூபாய் பில், ஈபி நமக்கு மலிவாகத் தரும் மின்சாரத்தின் விலை. அதை ஒழிக்க இத்தனை செலவு எதற்கு?

இதற்கு விதிவிலக்கும் உண்டு. மின்சார ஸ்கூட்டரோ காரோ வாங்கப் போகிறவர்கள், இன்னொரு ஏசி மாட்டப் போகிறவர்கள் மூன்றாகவே போட்டுவிடலாம். பிறகு கூட்டுவதென்றால் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), விண்ணப்பம் என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. 1,200 யூனிட் ஓடும் வீட்டுக்கோ மூன்று கிலோவாட் கேள்வியே இல்லாமல் சரி. அங்கே பில் 9,200-லிருந்து 1,700 ரூபாய்க்கு இறங்குகிறது. மூன்று வருடத்துக்குள் காசு திரும்பிவிடும்.

இரண்டு மீட்டர் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கீழ்வீடு மேல்வீடு என்று தனித்தனி இணைப்பு வைத்திருப்பது சென்னையில் சகஜம். சோலார் ஒரு இணைப்போடுதான் சேரும். அப்பா அம்மா இருக்கும் கீழ்வீட்டில் 220 யூனிட், மகன் குடும்பம் இருக்கும் மாடியில் 700 யூனிட் என்றால், மாடி மீட்டரில்தான் சேர்க்க வேண்டும். விண்ணப்பம் அப்பா பெயரில் இருக்கட்டும் என்ற மரியாதையில் கீழ் மீட்டரில் சேர்த்துவிட்டால் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

இனி மறைவான செலவுகள். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்றாலும் இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வருடம்தான், ஒருமுறையாவது மாற்ற நேரும். சோலார் தயாரிக்கும் யூனிட்டுக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு. சின்ன வீட்டு அமைப்புக்கு அது சிறிய தொகைதான், இருந்தாலும் கொட்டேஷன்காரர் சொல்லும் சேமிப்பில் அதைக் கழித்துப் பாருங்கள். வருட முடிவில் மிஞ்சிக் கிடக்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை நாம் கட்டும் ஸ்லாப் விலைக்குப் பக்கத்தில் வராது, அதனால் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வடாம் காயப்போட, துணி உலர்த்த மாடி வேண்டும் என்றால் ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டு போட வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

கோடையைப் பற்றி ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. மே மாதம் வெயில் கொளுத்துவதால் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். பேனலின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். நடுப்பகலில் கண்ணாடி 60 டிகிரியைத் தாண்டும்போது பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். வானம் தெளிந்த பிப்ரவரி, மார்ச்தான் நம் ஊரில் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி நன்றாகவே இறங்கும். நல்லவேளையாக அப்போது ஏசியும் அவ்வளவாக ஓடாது.

யாருக்குச் சரி: சொந்த மாடி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல், இன்னும் ஏழெட்டு வருடமாவது அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்கள்.

## வழி 2: ஹைபிரிட், பேட்டரியோடு

ஈபி கரண்ட் போனால் ஆன்கிரிட் சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயில், மேலே ஆறு பேனல், கீழே ஃபேன் சுற்றாது. இதை விற்பவர்கள் பலர் வாயைத் திறந்து சொல்வதில்லை. இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்திருக்கும் பாதுகாப்பு. லைனில் வேலை செய்யும் ஈபி ஊழியர் மெயினை அணைத்துவிட்டு ஏறியிருப்பார், நம் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் லைன் செத்தவுடன் இன்வெர்ட்டரும் தானாக அணைந்துகொள்கிறது.

ஹைபிரிட் அப்போது வீட்டை லைனிலிருந்து பிரித்துக்கொண்டு பேட்டரியிலும் பேனலிலும் ஓட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மழை விட்ட பிறகும் கரண்ட் வராமல் தவித்த குடும்பங்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமோ, ஃப்ரிட்ஜில் இன்சுலினோ இருந்தால் செலவுக் கணக்கே வேறு. அவர்களிடம் நான் வருடச் சேமிப்பைப் பற்றிப் பேசவே மாட்டேன், ஹைபிரிட் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மற்றவர்களுக்கு இது விலை அதிகம். அதே அளவு ஆன்கிரிட்டைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆகும். மானியம் பேனல் அளவுக்குத்தான், பேட்டரிக்கு ஒரு பைசா கிடையாது. டியூபுலர் பேட்டரி போட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். லித்தியம் பத்து வருடம் தாங்கும், முதல் செலவு கனம். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் யூனிட் வீணாகவும் போகும்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில், தரைத்தளத்தில் என்றுதான் கை காட்டுவார்கள். 2015-லும் 2023-லும் தண்ணீர் ஏறிய தெருவில் அது சரிப்படாது. புயல் நாளுக்காக வாங்கிய பேட்டரி புயல் தண்ணீரிலேயே மூழ்கிவிடக் கூடாது. முதல் மாடியில், காற்றோட்டமுள்ள, நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது நடுவழி. சோலாரை ஆன்கிரிட்டாகப் போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு ஃபேனும் லைட்டும் ஓட அது போதும்.

யாருக்குச் சரி: மருத்துவக் கருவி உள்ள வீடு, அடிக்கடி நீண்ட மின்வெட்டு வரும் புறநகர், வீட்டிலேயே தொழில் நடத்துபவர்கள்.

## வழி 3: அபார்ட்மென்ட்டின் பொது மீட்டருக்கு

சென்னையில் நான் அதிகம் எதிர்பார்ப்பது இந்த வழியைத்தான். ஆனால் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஃப்ளாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குத் தனியாக நாலு பேனல் போடலாமா என்று கேட்கிறார்கள். மாடி பொதுச் சொத்து. பத்திரத்தில் மாடி உரிமை தனியாக எழுதப்படாதவரை மற்ற உரிமையாளர்கள் சம்மதமில்லாமல் முடியாது. ஒருவருக்குக் கொடுத்தால் இருபத்துநாலு பேருக்கும் கொடுக்க வேண்டும் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். பொது மீட்டருக்குப் போட்டால் அந்தச் சண்டையே இல்லை.

லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் ஓடும் அந்தப் பொது இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, ஸ்லாபும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல். (பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-ல் இதைக் குறைத்தார்கள்.) வீட்டு மீட்டரில் சோலார் முதலில் விலை கூடிய யூனிட்டையும் அப்புறம் மலிவானதையும் கழிக்கிறது. இங்கே கழிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை யூனிட்தான்.

24 வீடுகள், ஒரு லிஃப்ட், இரண்டு மாதத்துக்கு 1,800 யூனிட் என்று வையுங்கள். பில் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். ஆறு கிலோவாட் போட்டால் 1,440 யூனிட் குறையும், வருடத்துக்கு எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். கிலோவாட்டுக்கு அறுபதாயிரம் என்று வைத்தால் 3.6 லட்சம் செலவு. குடியிருப்புச் சங்கங்களுக்கு மானியம் கிலோவாட்டுக்கு 18,000, அது 1.08 லட்சம். மீதி 2.52 லட்சத்தை 24 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 10,500 ரூபாய். மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். இடமும் சுமார் 600 சதுர அடிதான் பிடிக்கும். அந்த அளவுக் கட்டடத்தின் மாடியில் மிச்ச இடம் நிறையவே இருக்கும்.

இன்னொரு அனுகூலமும் உண்டு. தண்ணீர் மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போட வேண்டும் என்று சட்டமில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிப் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தொட்டியை நிரப்பச் சொன்னால் சோலார் மின்சாரம் அங்கேயே செலவாகும். நெட் மீட்டர் விதிகள் நாளை மாறினாலும் இந்தச் சேமிப்பில் பெரிய அடி விழாது. மாநிலத்தின் தேவை மாலையில் ஏறுகிறது, சோலார் பகலில் கொட்டுகிறது. பகல் யூனிட்டுக்கும் இரவு யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு 25 வருடம் நீடிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் பகலிலேயே செலவாகும் யூனிட்டுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

கஷ்டம் பணத்தில் இல்லை, சம்மதத்தில் இருக்கிறது. வாடகைக்கு விட்டிருப்பவர் வெளிநாட்டில் இருப்பார், கூட்டத்துக்கு வரமாட்டார். மேல்தளத்துக்காரர் ஒழுகும் என்று பயப்படுவார், அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. எனவே கூட்டத்தில் முதலில் வைக்க வேண்டியது ஒழுகல் பற்றிய பதில். வெதரிங் கோர்ஸ் எனப்படும் மாடியின் பாதுகாப்பு அடுக்கில் உள்ள ஓடுகளைத் துளைத்து போல்ட் அடிக்காமல், கான்கிரீட் கட்டைகள் மேல் ஸ்டாண்டை நிறுத்தும் முறையும் இருக்கிறது. சங்கம் பதிவாகியிருக்க வேண்டும், பொது இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் அது இன்னும் பில்டர் பெயரிலேயே கிடக்கிறது, பெயர் மாற்றம்தான் முதல் வேலை. உங்கள் இணைப்புக்கு எந்த மீட்டர் முறை என்பதை ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாருக்குச் சரி: லிஃப்டும் மோட்டாரும் உள்ள, பத்து வீடுகளுக்கு மேற்பட்ட எந்தக் குடியிருப்புக்கும்.

## வழி 4: இப்போதைக்கு வேண்டாம்

இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீடு. பில் சுமார் 940 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் பில் கிட்டத்தட்ட போய்விடும், ஆனால் 45,000 ரூபாய் திரும்ப எட்டு வருடம் ஆகும். அதே வீட்டில் நாள் முழுக்க ஓடும் மூன்று பழைய ஃபேன்களை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிப் பாருங்கள். பழையது 75 வாட் இழுக்கும், இது 30 வாட். தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட் வரை குறையும். செலவு ஒன்பதாயிரம் முன்பின், மூன்று வருடத்தில் திரும்பும். இந்த வீட்டுக்கு நல்ல முதலீடு ஃபேன்தான். பேனல் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

800 யூனிட் வீட்டுக்காரர்களும் ஃபேனை முதலில் மாற்றிவிட்டு, ஒரு பில் பார்த்துவிட்டு, அப்புறம் சோலார் அளவை முடிவு செய்வது நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. வீட்டுச் சொந்தக்காரர் போட்டுக்கொடுத்தால் ஒழிய வாடகைதாரர் தன் பணத்தைப் பிறர் மாடியில் பதிப்பதில் அர்த்தமில்லை.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. 1,000 யூனிட் ஓடும் வீடு ஒரு வருடம் தள்ளிப்போட்டால் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஈபிக்குக் கட்டியிருக்கும். பேனல் விலை அந்த அளவுக்கு இறங்கப் போவதில்லை. மானியத் திட்டத்துக்கும் காலவரையறை இருக்கிறது, அது 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவிக்கப்பட்டது.

ஈபியே வேண்டாம், முழுக்கப் பேட்டரியில் ஓட்டலாம் என்ற எண்ணம் சென்னைக்குள் தேவையில்லாதது. சோலார் ஹீட்டர் பற்றியும் கேட்கிறார்கள். வெந்நீர் இரண்டு மூன்று மாதம்தான் தேவைப்படும் ஊரில், போர் தண்ணீரின் உப்பு குழாய்களில் படியும் ஊரில், அந்த இடத்தைப் பேனலுக்கே கொடுங்கள்.

## கடலோரம், காக்கை, புயல்

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் உப்புக்காற்றில் ஸ்டாண்டு துருப்பிடிப்பதுதான் பெரிய பிரச்சினை. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய) இரும்பா, வெறும் பெயிண்ட் அடித்ததா என்று கேளுங்கள். உங்கள் மாடியில் வைத்தே வெட்டி வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. ஆள் உயர ஸ்டாண்டில் காற்று அடியில் புகுந்து தூக்கும். உங்கள் ஸ்டாண்டு எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேனலைக் கிட்டே போய்ப் பார்த்தால் கீழ் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை ஒன்று இருக்கும். சரிவில் வழிந்த தூசி ஃப்ரேமில் தட்டி அங்கேயே காய்ந்துபோனது. தூரத்திலிருந்து பேனல் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் கடைசி வரிசை செல்கள் அந்தப் பட்டைக்கு அடியில் மூடிக்கிடக்கும். காக்கை எச்சம் ஒரு செல்லை மூடினாலும் அந்த வரிசையே பலவீனமாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ மெட்ரோ வாட்டரில் கழுவினால் போதும். போர் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய்க் கறை விடும். உச்சி வெயிலில் சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம்.

## கொட்டேஷன் வாங்கும்போது

குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள், மூவரும் பிஎம் சூர்யகர் திட்டத்தின் இணையதளத்தில் பதிவான வெண்டர்களாக இருக்கட்டும். பேனல் கம்பெனி, வாட், எண்ணிக்கை, இன்வெர்ட்டர் மாடல், ஸ்டாண்டின் உயரமும் பூச்சும், எர்த்திங், மீட்டர் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். மொத்தமாக ஒரு தொகை எழுதித் தருபவரை விட்டுவிடுங்கள். மானியம் வந்த பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்பவரிடமும், மானியத்தைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவரிடமும் ஜாக்கிரதை. அது உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டிய பணம்.

பழைய கட்டடம் என்றால் மாடி வாட்டர்ப்ரூஃபிங் வேலையை முதலில் முடித்துவிட்டுப் பேனலை ஏற்றுங்கள். முடியவில்லையா? பின்னால் மாடி வேலை வரும்போது பேனலைக் கழற்றி மறுபடி மாட்ட எவ்வளவு ஆகும், யார் செய்வார்கள், அப்படிச் செய்தால் வாரண்டி நிற்குமா என்ற மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.